தம்பியின் தூக்கக் கணக்கு

என் தம்பியின் கையில் இருக்கும் ஸ்மார்ட் வாட்ச் எத்தனையோ எண்களைக் காட்டும். நடந்த அடிகள், நாடித்துடிப்பு, ரத்தத்தில் ஆக்சிஜன், மன அழுத்தத்துக்கு ஒரு மதிப்பெண், உடலின் தெம்புக்கு இன்னொரு மதிப்பெண். அவற்றில் இரண்டை மட்டுமே நாங்கள் பார்க்கிறோம்: இரவு எப்போது தூங்கினான், காலையில் எப்போது எழுந்தான். மற்றவற்றையெல்லாம் திரையில் தெரியாதபடி எடுத்துவிட்டோம். தம்பிக்கு இருதுருவ மனநிலைக் கோளாறு இருக்கிறது. பைபோலார் என்றால் பலருக்கும் தெரியும். அந்த நோயில் தூக்கத்துக்கு இருக்கும் இடம் வேறு எந்த எண்ணுக்கும் இல்லை.

அவன் சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன். முதல் வரைவைப் படித்துவிட்டு இரண்டு பத்திகளை நீக்கச் சொன்னான்; நீக்கிவிட்டேன்.

நோயைப் பற்றி அறியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சில காலம் மனம் பாதாளத்துக்கு இறங்கிவிடும். குளிக்க, சாப்பிட, பேசக்கூட முடியாது. அது மனச்சோர்வு. சில காலம் எதிர்த்திசையில் ஏறும். அதை மருத்துவர்கள் மேனியா என்கிறார்கள். மனச்சோர்வை வீட்டில் உள்ளவர்கள் ஓரளவு கண்டுகொள்வார்கள். மேனியாவின் தொடக்கம் அப்படியல்ல, அது நல்ல காலம் போலவே வரும். ஆள் அதிகாலையில் எழுந்து வீட்டைக் கழுவிவிடுவான். பரணில் கிடக்கும் பாத்திரங்களை இறக்கித் துலக்குவான். பேசி வருடக்கணக்கான நண்பர்களையெல்லாம் தொலைபேசியில் கூப்பிடுவான். புதுத் தொழிலுக்குத் திட்டம் போடுவான். "எவ்வளவு சுறுசுறுப்பு பாருங்கள்" என்று அக்கம்பக்கத்தார் அம்மாவிடம் பாராட்டிவிட்டுப் போவார்கள். அதன் பிறகுதான் கடன், சண்டை, யாராலும் தடுக்க முடியாத வேகம், கடைசியில் ஆஸ்பத்திரி.

இந்தச் சுறுசுறுப்பு வெளியே தெரிவதற்கு முன்பே தூக்கம் குறையத் தொடங்கிவிடும். ஏழு மணி நேரம் ஐந்தாகும், ஐந்து நான்காகும், பிறகு மூன்று. இது நோயின் அடையாளம் மட்டுமில்லை, நோயைத் தூண்டிவிடும் காரணமும் கூட. தாமஸ் வேர் என்ற அமெரிக்க மனநல மருத்துவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1987இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை அழுத்தமாகச் சொன்னார்கள். துக்கம், பயணம், குழந்தைப் பேறு, காதல், மருந்து என்று மேனியாவைத் தொடங்கிவைக்கும் காரணங்கள் பலவாக இருக்கலாம். அவற்றில் பலவும் தூக்கத்தைக் கெடுப்பதன் வழியாகவே அந்த வேலையைச் செய்கின்றன என்பது அவர்கள் வாதம். தூக்கம் கெட்டால் மேனியா ஏறும். மேனியா ஏறினால் தூக்கம் இன்னும் கெடும். இந்தச் சுழலில் எந்த இரவில் கை வைத்தால் நிறுத்தலாம் என்பதுதான் எங்கள் குடும்பத்தின் கேள்வி.

நாங்கள் மதுரையில் இருக்கிறோம். தம்பி சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். ஒரே வீட்டில் இருந்தால் நள்ளிரவில் அவன் அறையில் விளக்கு எரிவது தெரியும். நானூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தால் குரலை வைத்து ஊகிக்க வேண்டியதுதான். குரலில் வேகம் தெரியும்போது காலம் கடந்திருக்கும். எங்களுக்கு வாட்ச் தேவைப்பட்டது இதனால்தான்.

அது எப்படித் தூக்கத்தை அறிகிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான், எந்த அளவுக்கு அதை நம்பலாம் என்பது எனக்குப் பிடிபட்டது. வாட்சின் அடிப்பக்கத்தில் பச்சை விளக்கு மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். இதயம் துடிக்கும் ஒவ்வொரு முறையும் மணிக்கட்டின் நுண்குழாய்களில் ரத்தம் சற்றுக் கூடுகிறது; திரும்பி வரும் ஒளி சற்றுக் குறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் நாடித்துடிப்பு கிடைத்துவிடும். ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் என்ற அமெரிக்க உடலியலாளர் 1930களிலேயே, தோலில் ஒளியைப் பாய்ச்சி ரத்த ஓட்டத்தை அளந்து காட்டிவிட்டார். இதோடு கையின் அசைவை அளக்கும் முடுக்கமானி ஒன்றும் வாட்சுக்குள் இருக்கிறது. கை நெடுநேரம் அசையவில்லை, துடிப்பும் தாழ்ந்திருக்கிறது என்றால், ஆள் தூங்குகிறான் என்று வாட்ச் ஊகித்துக்கொள்கிறது.

ஊகம் என்றுதான் சொல்ல வேண்டும். தூக்க ஆய்வகத்தில் தலையில் மின்முனைகளை ஒட்டி மூளை அலைகளையும், கண் அசைவையும், தாடைத் தசையின் இறுக்கத்தையும் இரவு முழுவதும் பதிவு செய்வார்கள். மணிக்கட்டில் கட்டிய கருவிக்கு மூளை அலை எட்டாது. அதனால் "ஆழ்ந்த தூக்கம் 48 நிமிடம், கனவுத் தூக்கம் 71 நிமிடம்" என்று அது வண்ணப் பட்டைகளில் காட்டும் விவரங்களை நான் பொருட்படுத்துவதில்லை. தூங்கத் தொடங்கிய நேரமும் எழுந்த நேரமும் பெரும்பாலும் சரியாக இருக்கின்றன. எங்களுக்கு அது போதும்.

ஆனால் அதிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. தூங்குபவரைத் தூங்குகிறார் என்று கண்டுபிடிப்பதில் இந்தக் கருவிகள் கெட்டி. அசையாமல் விழித்திருப்பவரைக் கண்டுபிடிப்பதில் பலவீனமானவை. மனச்சோர்வில் இருப்பவர் விட்டத்தைப் பார்த்தபடி மணிக்கணக்கில் அசையாமல் படுத்திருப்பார். அதில் பெரும்பகுதியை வாட்ச் தூக்கக் கணக்கில் சேர்த்துவிடும். "எட்டு மணி நேரம் தூங்கியிருக்கிறாயே" என்று அந்த மனிதரிடம் போய்ச் சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அவருக்குக் கண் மூடிய நினைவே இருக்காது. மேனியாவில் நிலைமை வேறு. அதில் ஆள் படுத்திருக்கவே மாட்டான், எழுந்து நடமாடுவான், வாட்ச் எளிதாகப் பிடித்துவிடும்.

தென் கொரியாவில் இருந்து 2024இல் வந்த ஓர் ஆய்வைப் படித்தபோது இதையே நினைத்தேன். மனநிலைக் கோளாறு உள்ள 168 பேர், சராசரியாக 267 நாட்கள், கையில் கருவியைக் கட்டிக்கொண்டு வாழ்ந்தார்கள். தூங்கிய நேரம், விழித்த நேரம் ஆகியவற்றை மட்டும் வைத்து, மறுநாள் மனச்சோர்வோ மேனியாவோ இருக்குமா என்று கணிக்கப் பார்த்தார்கள். கணிப்பின் திறனை அளக்கும் அளவுகோலில் 1 என்றால் முழுமை, 0.5 என்றால் நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம். மேனியாவுக்கு 0.98 கிடைத்தது, மனச்சோர்வுக்கு 0.80. உடலின் உள் கடிகாரம் பின்னால் தள்ளிப்போனால் மனச்சோர்வின் பக்கமும், முன்னால் நகர்ந்தால் மேனியாவின் பக்கமும் சாயும் வாய்ப்பு அதிகம் என்றும் கண்டார்கள். எத்தனை மணி நேரம் என்பதோடு எந்த நேரம் என்பதையும் பார்க்க வேண்டும் என்று எங்கள் மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அதற்கு இந்த ஆய்வு நல்ல துணை. 168 பேர் என்பது சிறிய கூட்டம்தான். ஆனாலும் நாடித்துடிப்பு, வியர்வை, குரல் என்று எதையும் தொடாமல் தூக்க நேரத்தை மட்டும் வைத்தே இவ்வளவு தூரம் போக முடிந்திருப்பது எனக்கு நம்பிக்கை தருகிறது.

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் பகுதிகளில் நடந்த இன்னொரு பேராய்வும் இதே திசையைக் காட்டுகிறது. பொதுமக்களின் உடல்நலத் தகவல்களை ஆய்வுக்காகத் திரட்டும் யூகே பயோபேங்க் திட்டத்தில் ஒரு வாரம் கையில் அசைவுமானி கட்டியிருந்த 91,105 பேரின் பதிவுகளை கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். பகலில் நன்றாக இயங்கி இரவில் நன்றாக அடங்குபவர்கள் ஒரு பக்கம். பகலுக்கும் இரவுக்கும் வேறுபாடு மங்கியவர்கள் மறுபக்கம். இரண்டாம் வகையினரிடம் மனச்சோர்வும் பைபோலாரும் கூடுதலாக இருந்தன. 2018இல் வெளியான ஆய்வு. எது காரணம், எது விளைவு என்று அதில் இருந்து சொல்லிவிட முடியாது. ஆனால் பகல் பகலாகவும் இரவு இரவாகவும் இருப்பதற்கும் மனநலத்துக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு இவ்வளவு பெரிய சான்று முன்பு இருந்ததில்லை.

இனி, வாட்சுக்கு ஒருபோதும் தெரியாத விஷயம்.

ஒருமுறை தம்பியின் தூக்கம் தொடர்ந்து குறைந்தபோது, பதிவை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனோம். அவர் அந்தத் தாளைச் சில நொடிகள் பார்த்துவிட்டுத் தம்பியிடம் கேட்டார்: "தூக்கம் வராமல் தவித்தீர்களா, அல்லது தூக்கம் தேவைப்படவே இல்லையா?" அந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. மூன்று மணி நேரத் தூக்கம் என்பது கவலையால் வந்திருக்கலாம், அலுவலகத்தின் இரவு வேலையால் வந்திருக்கலாம், பக்கத்து வீட்டுக் குழந்தையால் வந்திருக்கலாம். அப்படியானால் மறுநாள் கண் எரியும், தலை கனக்கும், எப்போது படுப்போம் என்றிருக்கும். மேனியா ஏறுகிறது என்றால் அதே மூன்று மணி நேரத்துக்குப் பிறகு பத்து மணி நேரம் தூங்கியவனைப் போல எழுந்திருப்பான். வாட்சில் இரண்டுக்கும் ஒரே பட்டைதான், ஒரே நீளம்தான். சிகிச்சையோ நேர் எதிர். முதல் வகைக்குப் பேச்சும் ஓய்வும் போதுமானதாக இருக்கலாம். இரண்டாவதற்கு அன்றே மருந்தை மாற்ற வேண்டியிருக்கும். அந்த முறை தம்பி "தவித்தேன்" என்றான். மருந்தில் கை வைக்காமல், வேலை நேரத்தை மாற்றச் சொல்லிக் கடிதம் எழுதிக் கொடுத்தார் மருத்துவர்.

மன அழுத்த மதிப்பெண் என்று விற்கிறார்களே, அதில் எனக்குக் கோபம் உண்டு. அதன் அடிப்படை ஒன்றும் பொய்யில்லை. நாடி நிமிடத்துக்கு 60 என்றால் ஒவ்வொரு துடிப்பும் சரியாக ஒரு நொடி இடைவெளியில் வருகிறது என்று பொருளல்ல. மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று விரைகிறது, விடும்போது தாமதிக்கிறது. இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பு நன்றாக வேலை செய்தால் இந்த வேறுபாடு கூடுதலாக இருக்கும். உடல் நெருக்கடியில் இருந்தால் துடிப்புகள் இறுக்கமான சீருக்கு வந்துவிடும். மாரடைப்பு கண்டவர்களில் இந்த வேறுபாடு குறைந்தவர்களுக்கு இறப்பு வாய்ப்பு அதிகம் என்று 1987இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆகவே, உடலைப் பற்றி இது உண்மையாகவே ஏதோ சொல்கிறது. மனத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்பதில்தான் சிக்கல். பயந்தாலும் துடிப்பு இறுகும், மகிழ்ச்சியில் துள்ளினாலும் இறுகும், காய்ச்சலிலும் இறுகும், மாடிப்படி ஏறினாலும் இறுகும். பக்கத்து வீட்டுப் புகைபோக்கியில் புகை வருவதைப் பார்த்து அடுப்பு எரிகிறது என்று சொல்லலாம். சாம்பாரா பாயசமா என்று சொல்ல முடியாது.

நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2025இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 800 இளைஞர்கள் மூன்று மாதம் கார்மின் வாட்ச் கட்டிக்கொண்டார்கள். நாளுக்கு நான்கு முறை, இப்போது எப்படி இருக்கிறீர்கள் என்று அவர்களிடமே கேட்டார்கள். அவர்கள் சொன்ன மன அழுத்தத்துக்கும் வாட்ச் சொன்ன மன அழுத்தத்துக்கும் ஏறக்குறைய உறவே இல்லை. தூக்கத்தில் மட்டும் இரண்டும் ஓரளவு நன்றாகவே ஒத்துப்போயின. எதை வைத்துக்கொள்ள வேண்டும், எதைத் தூக்கிப்போட வேண்டும் என்று இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மருந்து வேறு குறுக்கே வரும். பைபோலாருக்குத் தரும் மருந்துகளில் ஒன்றான க்வெட்டியாபின் தொடங்கியவர்களுக்கு நாடித்துடிப்பு கூடலாம். பதற்றத்துக்காகவோ கை நடுக்கத்துக்காகவோ ப்ரோப்ரனோலால் எடுப்பவர்களுக்கு அது குறையும். பழைய வகை மனச்சோர்வு மருந்துகள் சில, துடிப்பு இடைவெளியின் வேறுபாட்டையே சுருக்கிவிடும். வாட்சுக்கு இந்த மாத்திரைகளைப் பற்றி எதுவும் தெரியாது; "இன்று உங்களுக்கு மன அழுத்தம் அதிகம், ஆழ்ந்து மூச்சு விடுங்கள்" என்று திரையில் எழுதிக்கொண்டே இருக்கும். மாத்திரை எடுப்பவர்கள் இதைக் கண்டு மருந்தை நிறுத்திவிடாமல் இருக்க வேண்டுமே என்பது என் கவலை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், தலைப்புக்குச் சற்று வெளியே என்றாலும். ஊசி குத்தாமல் சுகர் பார்க்கும் வாட்ச், மோதிரம் என்று மலிவு விலையில் விளம்பரங்கள் வருகின்றன. தோலைத் துளைக்காமல் ரத்தச் சர்க்கரையைத் தானே அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. தோலுக்கடியில் உணரியைச் செருகி அளக்கும் கருவிகள் வேறு, அவை உண்மையானவை. அந்த உணரி அனுப்பும் எண்ணை வாட்சில் பார்க்கலாம். வாட்ச் தானே அளக்காது. அதை நம்பி யாரும் இன்சுலின் அளவை மாற்ற வேண்டாம்.

அதே போல, பைபோலாரில் மனநிலையைச் சீராக வைக்கத் தரும் லித்தியம் மருந்தை எடுப்பவர்களுக்கு எந்த வாட்சும் உதவாத இடம் ஒன்று உண்டு. லித்தியத்தின் அளவு ரத்தத்தில் பெரும்பாலும் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். குறைந்தால் பயனில்லை, மிகுந்தால் நஞ்சு. கத்திரி வெயிலில் வியர்த்துக்கொட்டித் தண்ணீர் வற்றினால் அது ஏறிவிடும். வலிக்கென்று கடையில் வாங்கும் சில மாத்திரைகளும் ஏற்றிவிடும். கை நடுக்கம் கூடி, நடை தள்ளாடி, வாந்தி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அந்த நேரத்தில் வாட்ச் "இன்று நன்றாக ஓய்வெடுத்திருக்கிறீர்கள்" என்று சொல்லிக்கொண்டிருக்கலாம்.

மதிப்பெண்களை ஏன் மறைத்தோம் என்பதற்கு வருகிறேன். தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்த யாருக்கும் மதிப்பெண் வெறும் எண்ணல்ல. பத்தாம் வகுப்பில் தொடங்கி அது நம்மை எடைபோட்டுக்கொண்டே இருக்கிறது. காலையில் கண் விழித்ததும் "தூக்கத்துக்கு 100க்கு 54" என்று திரையில் வந்தால், நன்றாக இருப்பவருக்கே முகம் வாடும். மனச்சோர்வில் இருப்பவருக்கு, தூங்கக்கூடத் தெரியாத ஆளாகிவிட்டோம் என்பதற்கு அது இன்னொரு சான்று. நல்ல மதிப்பெண் வாங்குவதற்காகப் படுக்கையில் கூடுதல் நேரம் கிடந்து, அதனாலேயே தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பற்றி 2017இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். அந்த நிலைக்கு ஆர்த்தோசோம்னியா என்று பெயரும் வைத்தார்கள். இதயம் சம்பந்தப்பட்டால் இது இன்னும் கூர்மையாகிறது. இதயத் துடிப்பு ஒழுங்கின்மை இருந்த 70 வயது அமெரிக்கப் பெண்மணி ஒருவர் ஓராண்டில் தம் வாட்சில் 916 முறை இசிஜி எடுத்துக்கொண்டதாக 2020இல் ஒரு மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. நோயைக் காட்டிலும் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பது அவரை அதிகம் வாட்டியது. கடைசியில் மனநலச் சிகிச்சையில்தான் அவருக்கு நிம்மதி கிடைத்தது.

பதிவுகளே வேண்டாம் என்று சொல்லவில்லை. மைக்கேல் ஸ்னைடர் என்ற ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் நார்வேக்குப் பறந்த ஒரு பயணத்தில், தம் துடிப்பும் ஆக்சிஜனும் வழக்கத்துக்கு மாறாக இருப்பதைக் கருவிகளில் கண்டு, உண்ணிக் கடியால் பரவும் லைம் நோய் தமக்குத் தொற்றியிருப்பதை முன்கூட்டியே சந்தேகித்தார். அவருக்குக் கைகொடுத்தது அவருடைய பழைய பதிவு. பல மாதப் பயணங்களில் தம் எண்கள் எப்படி ஏறி இறங்கும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. ஊருக்குப் பொதுவான இலக்கு எதுவும் இதைச் செய்யாது. நாளுக்கு 10,000 அடி என்ற புகழ்பெற்ற இலக்கே 1965இல் ஜப்பானில் ஒரு அடிமானியை விற்பதற்காகப் பிறந்ததுதான். தம்பியின் ஆறரை மணி நேரம் அவனுக்கு நல்ல தூக்கம். எனக்கு அது போதாது.

எல்லாவற்றையும்விட எங்களுக்கு நெடுநாள் பிடித்தது, இந்தப் பதிவை யார் பார்ப்பது என்பதுதான்.

நம் வீடுகளில் அக்கறைக்கும் கண்காணிப்புக்கும் இடையில் சுவர் கிடையாது. மனநோய் வந்துவிட்டால் கதவும் போய்விடும். எத்தனை மணிக்குப் படுத்தாய், யாருடன் பேசினாய், ஏன் சிரிக்கிறாய், மாத்திரை போட்டாயா. இந்தக் கடைசிக் கேள்வியை வெறுக்காத நோயாளியை நான் பார்த்ததில்லை. நியாயமாகக் கோபப்பட்டாலும் "மாத்திரை போட்டாயா" என்று கேட்டுவிட்டால், அந்தக் கோபத்துக்கு மதிப்பு போய்விடுகிறது. இதன் மேல் வாட்சையும் கட்டிவிட்டால், தூங்கும்போதுகூட அவனுக்கு என்று ஓர் இடம் மிஞ்சாது.

ஆகவே அவன் நன்றாக இருந்த காலத்தில், மருத்துவர் முன்னிலையில் உட்கார்ந்து பேசி ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். நோய் ஏறும்போது முதலில் கரைந்துபோவது, தனக்கு நோய் இருக்கிறது என்ற உணர்வு. அப்போது எதைக் கேட்டாலும் வேவு பார்ப்பதாகத்தான் படும். தூங்கிய நேரமும் எழுந்த நேரமும் எனக்கு மட்டும் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது, அப்பாவுக்குத் தெரியாது. எங்கே இருக்கிறான் என்ற விவரம் யாருக்கும் போகாது. தொடர்ந்து இரண்டு இரவுகள் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போனால் நான் கூப்பிடுவேன். மாத்திரையைப் பற்றிக் கேட்க மாட்டேன். மருத்துவர் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்பேன்: தவிக்கிறாயா, தேவைப்படவில்லையா? மூன்றாவது இரவும் அப்படியே போனால் அவனே மருத்துவரைக் கூப்பிடுவான். வேண்டாம் என்று தோன்றும் நாளில் வாட்சைக் கழற்றி வைக்கலாம். சொல்லிவிட்டுக் கழற்ற வேண்டும், அவ்வளவுதான். இந்த எல்லைகள் அவனுக்கென்று அவனுடைய மருத்துவர் வைத்தவை. வேறு யாருக்கும் அப்படியே பொருந்தாது.

இதை வீட்டுக்குள் பேசிக்கொண்ட ஒப்பந்தம் என்று மட்டும் நினைக்க வேண்டியதில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. நோய் முற்றினால் தனக்கு எப்படிச் சிகிச்சை அளிக்கலாம், எப்படி அளிக்கக் கூடாது என்று வயது வந்த எவரும் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். தன் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கலாம். தன் நோய் விவரங்கள் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பதும் அதில் உரிமை. உடல்நோய்க்குப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. தமிழ்க் குடும்பங்களில் இதை அறிந்தவர்கள் மிகக் குறைவு.

வாட்ச் நிறுவனத்தின் கணினியில் போய்ச் சேரும் தூக்கப் பதிவுக்கு அந்த அளவு பாதுகாப்பு இல்லை. 2019இல் நாடாளுமன்றத்துக்கு வந்த தனிநபர் தரவு மசோதாவில், உடல்நலத் தகவல் தனிப் பாதுகாப்பு தேவைப்படும் வகையில் வைக்கப்பட்டிருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அந்தத் தனி வகையே இல்லை. ஒருவர் வாங்கிய காலணியின் அளவுக்கும், அவர் எத்தனை இரவுகள் தூங்கவில்லை என்பதற்கும் சட்டத்தின் கண்ணில் பெரிய வேறுபாடு கிடையாது. இது தவறு என்று நான் உறுதியாக நினைக்கிறேன். வேலைக்கு எடுப்பவர், காப்பீட்டுக்காரர், பெண் பார்க்க வருபவர் என்று இந்தப் பதிவைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரின் வாழ்க்கையை மறித்துவிடக் கூடியவர்கள் நிறையப் பேர். ஆரோக்கியத் திட்டம் என்ற பெயரில் அலுவலகமே வாட்ச் தந்தால், தூக்கப் பதிவைப் பகிரச் சம்மதிக்காதீர்கள் என்றுதான் தம்பியின் நண்பர்களுக்கும் சொல்லி வருகிறேன்.

பதிவைப் பார்த்து நாங்கள் மாற்றிக்கொண்டவை சாதாரணமானவை. ஊருக்கு வரும்போது பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் அரைத்தூக்கத்தில் வந்துகொண்டிருந்தவன், பகலில் ஓடும் வைகைக்கு மாறினான். இரவு வேலையில் இருந்து பகல் வேலைக்கு மாற்றம் கிடைத்தது. சம்பளத்தில் இரவுப் படி குறைந்தது. சிவராத்திரிக்குக் கண் விழிப்பதை நிறுத்தினான். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில், முந்தைய இரவு முழுவதும் தெருவில் இருக்காமல், தூங்கி எழுந்து அதிகாலையில் போகிறான். தூங்கா நகரம் என்று பெயர் வாங்கிய ஊரில் பிறந்தவனுக்கு இது சின்ன இழப்பல்ல. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் எலன் ஃபிராங்க் என்ற உளவியலாளர், சாப்பிடும் நேரம், படுக்கும் நேரம், மனிதர்களைச் சந்திக்கும் நேரம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்துவதையே பைபோலாருக்கு ஒரு சிகிச்சை முறையாக வளர்த்தார். மருந்தோடு சேர்த்துச் செய்வது அது. எங்களுக்கு அந்தச் சிகிச்சை தெரிந்த நிபுணர் கிடைக்கவில்லை. தூக்கப் பதிவும் ஒரு நோட்டும்தான் கிடைத்தன.

நோட்டு முக்கியம். வாட்சின் பதிவை மாதம் ஒரு தாளில் அச்சிட்டு, பக்கத்தில் தம்பி தன் கையால் எழுதுகிறான்: காய்ச்சல், அலுவலகத்தில் சண்டை, மாத்திரை மாற்றம், நண்பன் வீட்டு விசேஷம், மின்தடை. காரணம் அந்தக் கையெழுத்தில்தான் இருக்கிறது. மனநலப் புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் சில நிமிடங்கள். அதற்குள் "போன மாதம் எப்படி இருந்தீர்கள்" என்ற கேள்விக்கு எந்த நோயாளியாலும் சரியாகப் பதில் சொல்ல முடியாது. அன்றைய மனநிலைதான் மாதம் முழுவதற்கும் பதிலாக வரும். அந்த ஒரு தாள் பேச்சை உடனே தொடங்கி வைக்கிறது. வாட்ச் நிறுவனங்கள் புதுப்புது மதிப்பெண்களைக் கண்டுபிடிப்பதை விட்டுவிட்டு, இப்படி ஒரு தாளைச் சந்தா கேட்காமல், தமிழில், ஒரே தொடுகையில் எடுக்கும்படி செய்யலாம். இப்போது நான்தான் எண்களைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வாட்ச் வாங்க வசதி இல்லாதவர்கள் நோட்டில் மட்டும் எழுதினாலும் போதும். படுத்த நேரம், எழுந்த நேரம், எழுந்தபோது தெம்பா களைப்பா. இரவில் யாரிடமாவது பேசியாக வேண்டும் என்றால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது, தமிழில் பேசலாம்.

வரும் தை மாதம் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தம் அதிகாலை நான்கரைக்கு. முந்தைய மாலை மாப்பிள்ளை அழைப்பும் வரவேற்பும் முடிய நள்ளிரவு ஆகிவிடும். மண்டபத்தில் விடிய விடியப் பேச்சுச் சத்தம் ஓயாது. தம்பியிடம் கேட்டுக்கொண்டு சித்தப்பாவிடம் போய் விவரத்தைச் சொன்னேன். நோயின் பெயரையும் சொன்னேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "அவன் வரவேற்புக்கு நிற்க வேண்டாம் அம்மா. முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிட்டு எட்டரைக்கெல்லாம் வீட்டுக்குப் போய்ப் படுக்கட்டும். நாலு மணிக்கு வண்டி அனுப்புகிறேன்" என்றார் சித்தப்பா.